கலத்தைக் கூப்பிடும் விளக்கு
பாலாற்றிலிருந்து கடலுக்கு – 14

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிய வருடங்களில் அதில் அலையடிக்கும். கரைமேல் நிற்கும் சின்னப் பிள்ளைகள் அதைக் கடல் என்றே சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆயக்கட்டு, நடுவில் சுமார் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் கரை. நிஜக் கடல் இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கடலைக் கண்ணால் பார்க்காமலே ஆயுளை முடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். ஆனால் இந்தச் சீமையின் தோலும், அந்தத் தோலுக்குள் ஊறிய ஆவாரம்பட்டைச் சாறும் கடல் தாண்டிப் போயிருக்கின்றன.

சென்ற வாரம், 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயிலைப் பார்த்தோம். தண்டவாளத்தின் இந்த முனையைப் பற்றியே இதுவரை பேசிவந்திருக்கிறோம். அந்த முனையில் கடல். கடலில் கப்பல். பல மாதம் பயணம் செய்து வந்த அந்தக் கப்பல், சென்னப்பட்டணம் எது, வெறும் மணல்மேடு எது என்று இருட்டில் எப்படிக் கண்டுகொண்டது? கதையை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் கொண்டுபோகும் முன், இந்த வாரம் அந்த விளக்கடியில் நின்றுவிட்டுப் போவோம்.

கடலோடு இந்த ஊருக்குள்ள உறவு ரயிலோடு தொடங்கியதும் இல்லை. ஏரியை வெட்டுவித்தவன் தெள்ளாறெறிந்த நந்திவர்மன், ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட பல்லவன். அவனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று அவனிநாரணன். பழைய கல்வெட்டுகளில் நம் ஊர் காவிதிப்பாக்கம் என்ற அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். அதே பெயர் வங்கக் கடலுக்கு அக்கரையிலும் ஒரு கல்லில் இருக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாப்பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் சொல்கிறது. இங்கே ஏரி வெட்டிய அரசனின் பெயரால், கடலுக்கு அப்பால் போன தமிழ் வணிகர் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். எக்மோர் அருங்காட்சியகத்தில் காவேரிப்பாக்கத்துச் சிற்பங்களின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தக்குவாப்பாக் கல்தான் நினைவுக்கு வரும்.

அந்த வணிகர்கள் இரவில் எந்த வெளிச்சத்தை நம்பிக் கரை திரும்பினார்கள்? அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய ஒரு சாட்சி நம் தொண்டை மண்டலத்திலேயே இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் இரவில் தீ எரிந்த ஓர் உயர்ந்த மாடத்தைக் காட்டுகிறார். அதற்குக் கூரை வேய்ந்திருக்கவில்லை. ஏறுவதற்கு அரிய உச்சிக்கு ஏணி சாத்தித்தான் போக வேண்டும். திசை தெரியாமல் ஆழ்கடலில் ஓடும் மரக்கலங்களை அந்த நெருப்பு கரைக்கு அழைக்கிறது. நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கலங்கரை விளக்கம் என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். கலம் என்றால் மரக்கலம். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். பலரும் நினைப்பதுபோல இதில் வரும் கரை கடற்கரையைக் குறிக்கவில்லை. கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே பொருள். ஒளிக்கு ஒரு குரல் கொடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முற்றத்துக் காக்கை விடாமல் கரைந்தால் அம்மா கூடுதலாக ஒரு படி அரிசி களைவாள், விருந்து வருமாம். விளக்கு கரைந்தபோது சென்னைக்கு யார் யார் விருந்து வந்தார்கள் என்பதை மேலே பார்ப்போம்.

*

கப்பல்காரர்களுக்குச் சென்னைக் கடற்கரை என்றால் பயம். மலையில்லை, முனையில்லை, உள்வாங்கிய குடாவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மட்டமான மணல். அதன் மேல் ஒரு பனை வரிசை. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கப்பலைத் தரைதட்ட வைக்கும் மணல் திட்டுகள். தெற்கே மாமல்லபுரத்துக்கு அருகில் கடலுக்குள் பாறைகள். நடுவில் நங்கூரம் பாய்ச்ச ஒரு திறந்த கடல்வெளி. துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவ்வளவுதான். கப்பல் அலைக்கு அப்பால் நின்றுவிடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது விறைத்து நின்று உடையாமல் வளைந்து கொடுக்கும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த எந்தப் படகும் அந்த அலையில் அதற்கு ஈடாகவில்லை.

வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் அதுவும் முடியாது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கப்பல்கள் சென்னைக் கடல்வெளியில் நிற்கக்கூடாது என்பது கும்பினிக் காலத்து நடைமுறை. அந்த நாள் வந்ததும் கோட்டையின் கொடிமரத்தில் கொடி இறங்கும். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே அந்த அக்டோபரில் தன் கப்பல்களை இங்கேயே நிறுத்திவைத்தான். கோட்டையைத் தோட்டாவால் வென்றவன், ஒரே இரவுப் புயலில் கப்பற்படையைத் தோற்றான்.

1639இல் உருவான பட்டணம் இது. இப்படிப்பட்ட கரையில் 150 ஆண்டுகளுக்கு மேல் முறையான கலங்கரை விளக்கம் ஒன்று இல்லாமலே காலம் தள்ளியிருக்கிறார்கள். காரணத்தை நம் ஊரிலேயே பார்க்கலாம். 1752 பிப்ரவரி 28 அன்று காவேரிப்பாக்கத்தில் கிளைவும் ராஜா சாகிபும் மோதிய கதையை நான்காம் பகுதியில் படித்தோம். அந்த நூற்றாண்டு முழுக்கக் கும்பினியின் பணம் பீரங்கிக்கும் சிப்பாய்ச் சம்பளத்துக்கும் போயிற்று. ஹைதர் அலியோடும் திப்புவோடும் நடந்த போர்களில் ஆற்காட்டுச் சீமை எரிந்துகொண்டிருந்தபோது, கடலில் வருபவனுக்கு விளக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

1796இல் முதல் விளக்கு ஏறியது. அதற்கென்று கோபுரம் எதுவும் கட்டவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள், மேல்மாடியில் வணிகர்களும் தரகர்களும் கப்பல் தலைவர்களும் கூடிப் பேரம் பேசிய கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே விளக்குக் கூண்டை வைத்தார்கள். பிறகு படை அதிகாரிகளின் உணவு விடுதியாக இருந்து, 1948இல் கோட்டை அருங்காட்சியகமானது அந்தக் கட்டடம்தான். எரிபொருள் தேங்காயெண்ணெய். கடல் மட்டத்திலிருந்து சுமார் 99 அடி உயரத்தில் பெரிய பெரிய திரிகள் எரிந்தன.

ஏன் அவ்வளவு உயரம்? பூமி உருண்டை என்பதுதான் காரணம். விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் தொடுவானத்துக்குக் கீழே இருப்பவன் கண்ணில் படாது. 100 அடி உயரத்து விளக்கு, கடல் மட்டத்தில் இருக்கும் கண்ணுக்கு 12 கடல் மைல் தூரம்வரைதான் தெரியும். கப்பலின் பாய்மரத்தில் அதே 100 அடி உயரத்தில் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தால் இன்னொரு 12 கடல் மைல் சேரும். இந்தத் தூரத்தை இரட்டிப்பாக்க விளக்கின் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதனால்தான் பாய்மர உச்சியில் ஆளை ஏற்றினார்கள். விளக்கையும் மேலே மேலே கொண்டுபோனார்கள்.

*

சென்னையில் அடுத்தடுத்து ஏறிய நான்கு விளக்குகளில் என் மனதுக்கு நெருக்கமானது இரண்டாவது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், செங்கல் சிவப்புக் கட்டடங்களுக்கு நடுவே, வெளிர் கல்லில் ஒரு தனித் தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரேக்கக் கோயில்களின் டோரிக் பாணியில், அடி பருத்து மேலே போகப் போக ஒடுங்கும் தூண். பார்த்தவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ வெற்றித் தூண் என்றே நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

அது நிற்கும் நிலத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் அங்கேதான் இருந்தது. நெசவாளர் வீடுகள், துபாஷிகளின் மாளிகைகள், சென்ன கேசவப் பெருமாள் கோயில் எல்லாம் அங்கே. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஒரு பகுதியை இடித்தார்கள். எதிரி ஒளிந்து சுட இடம் கொடுக்கக்கூடாது என்று மிச்சத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். கோயில் பூக்கடைப் பக்கம் பெயர்ந்தது. வீடுகள் இருந்த இடம் எஸ்பிளனேடு என்ற வெட்டவெளியாயிற்று. பீரங்கிக் குண்டுக்கு வழி விடுவதற்காக ஒரு ஊரையே துடைத்த மைதானத்தில், அடுத்த நூற்றாண்டில், கப்பலுக்கு வழிகாட்ட விளக்கு நட்டார்கள். அந்தத் தூணைப் பார்க்கும்போது, அதன் காலடியில் புதைந்த தெருக்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அதை வடிவமைத்தவர் சென்னைப் பொறியாளர் படையின் கேப்டன் ஜே.டி. ஸ்மித். நம் சீமையில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டட வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர். காரை, சுண்ணாம்பு, நீருக்குள் இறுகும் சாந்து ஆகியவற்றைப் பற்றிப் பிரெஞ்சுக்காரரான விக்கா எழுதிய புகழ்பெற்ற நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் சோதனைகளையும் குறிப்புகளாகச் சேர்த்து 1837இல் வெளியிட்டவர் அவர். சுண்ணாம்பைப் பற்றிய ஞானத்தில் அன்றைய சென்னைக் கொத்தர்களும் குறைந்தவர்கள் இல்லை. கண்ணாடிபோலப் பளபளக்கும் மதராஸ் சுண்ணச்சாந்து உலகப் பிரசித்தம். அந்த நூலை வெளியிட்ட கையோடு, 1838இல் அந்த ஊரில் ஸ்மித்தின் தூண் வேலை தொடங்கியது. பின்னாளில் அவர் சென்னை நாணயச்சாலைக்கும் கல்கத்தா நாணயச்சாலைக்கும் தலைவரானார்.

பல்லாவரத்துக் கருங்கல். மொத்த உயரம் 125 அடி. 1843இல் வேலை முடிந்து, 1844 ஜனவரி 1ஆம் தேதி விளக்கு ஏறியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1836லேயே ஒன்றை ஏற்றிவிட்டார்கள். எட்டு ஆண்டு பிந்தினாலும், சென்னை தன் விளக்கைக் கல்லாலேயே எழுப்பியது.

மேலே எரிந்தது ஆர்கண்டு விளக்கு. அதன் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு அகலில் திரி கனமாக இருந்தால் புகை வரும். திரியின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாததால் எண்ணெய் முழுசாக எரியாது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆர்கண்டு 1780களில் திரியைக் குழாய்போல வட்டமாக நெய்தார். உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று. மேலே ஒரு கண்ணாடிச் சிம்னியைக் கவிழ்த்ததும் காற்று விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு ஏறும். புகை போய் வெள்ளை வெளிச்சம் வரும். ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் உட்குழிவான பளபளப்புத் தகடு ஒன்றை நிறுத்தினால், நாலாபுறமும் சிதறி வீணாகும் ஒளி ஒரே கற்றையாகக் கடலை நோக்கிப் போகும். பின்னால் அரிக்கேன் விளக்கிலும் சிம்னி விளக்கிலும் நம் பாட்டிமார் கண்ட வசதிக்கெல்லாம் மூலம் அங்கே இருக்கிறது.

விளக்கின் கதையைப் பொறியாளர் பெயரோடு முடித்துவிடுவது எனக்குச் சம்மதம் இல்லை. மாலை தோறும் அந்தச் சுழல் படிகளில் எண்ணெயைச் சுமந்து ஏறிய ஒருவர் இருந்தார். திரி கருகாமல் கத்தரிக்க வேண்டும். தகட்டில் படியும் கரியைத் துடைக்க வேண்டும். விடியும்வரை கண்ணயரக் கூடாது. 1844 முதல் 1894 வரை ஐம்பது வருட இரவுகள் அப்படிப் போயின.

*

அந்த ஐம்பது வருடத்தில்தான் பாலாற்றங்கரை கடலோடு இறுகக் கட்டப்பட்டது. 1856இல் வாலாஜா ரோட்டில் ரயிலேறி ராயபுரத்தில் இறங்கிய நம் ஊர்க்காரர், நடந்தே போய் அண்ணாந்து பார்க்கும் தூரத்தில் ஸ்மித்தின் தூண் நின்றது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் தண்டவாளம் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மேற்குக் கரைப் பேப்பூர்வரை போய்விட்டது. சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறி, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தடவிக் காயவைத்த தோல் கட்டுக்கட்டாகச் சென்னைக்கு இறங்கியது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் கைமாறியது. லண்டன் ஏலத்தில் கிழக்கிந்தியக் கிப் என்ற பெயரோடு விலைபோனது. கிப் என்றால் சிறிய மாட்டின் தோல். நம் சீமை மாடுகள் உருவத்தில் சிறியவை. பட்டைச் சாற்றில் பதமான அவற்றின் தோல் பூட்ஸின் மேற்பாகத்துக்கு மிருதுவாகவும் உறுதியாகவும் அமைந்தது.

பதனிட்ட தோலுக்கு ஈரம் ஆகாது, பூசணம் பிடிக்கும். மசூலாப் படகில் ஏற்றி, அலை தெறிக்கத் தெறிக்கக் கப்பலுக்குக் கொண்டுபோவது எவ்வளவு நெஞ்சிடி என்று அந்தச் சரக்கைக் கையாண்டவர்களுக்குத்தான் தெரியும். 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று வந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். இரண்டு கைபோலக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் 12 புயல் உடைத்தெறிந்தது. மறுபடி கட்டினார்கள். கிழக்கு நோக்கி இருந்த வாயிலால் மணல் சேர்வதும் அலை புகுவதும் ஓயவில்லை. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குக்குத் திருப்பிய பிறகே கப்பல்கள் நிம்மதியாக உள்ளே வந்தன. இத்தனை ஆண்டும் துறைமுகம் உடைவதும் எழுவதுமாக இருந்தது. கல் தூணின் விளக்கு மட்டும் 1894 வரை தன் பாட்டுக்கு எரிந்தது.

தூணுக்குப் பக்கத்திலேயே 1892 ஜூலை 12 அன்று உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பிராசிங்டன் போட்ட வரைபடத்தை ஹென்றி இர்வின் திருத்தி எழுப்பிய இந்தோ-சாரசனிக் மாளிகை. அதன் மிக உயர்ந்த கோபுரம் 175 அடி. பக்கத்தில் 125 அடித் தூண் குள்ளமாகிவிட்டது. நம் வழக்கப்படி உயரமான இடத்துக்குத்தானே விளக்கு போகும்? 1894 ஜூன் 1ஆம் தேதி நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியிலேயே மூன்றாவது விளக்கு ஏறியது. பர்மிங்காமின் சான்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தார் செய்து கொடுத்த கருவி. நீதிமன்றக் கோபுரமே கலங்கரை விளக்கமாகவும் இருந்தது, உலகிலேயே அரிதாக நடந்த ஒன்று. பகலில் கீழே வழக்கு, இரவில் மேலே வெளிச்சம். நம் பக்கத்து நில வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் ஊர் திரும்பித் தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால் அந்த விளக்கைத்தான் சொல்லியிருப்பார்கள்.

*

காக்கை கரைந்தால் யார் வருவார்கள் என்று காக்கைக்குத் தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு அப்படித்தான் ஆயிற்று. ஐரோப்பாவில் போர் தொடங்கி ஏழு வாரம். சென்னைக்கு அது பத்திரிகைச் செய்தி. நகரம் விளக்குகளை அணைக்கவில்லை. நீதிமன்றக் கோபுரத்தின் விளக்கும் வழக்கம்போல் எரிந்தது. கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அந்த வெளிச்சங்களைக் கொண்டே இடம் கணித்து நெருங்கியது. தேடு விளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டது. மண்ணெண்ணெய் பற்றி எரிந்து வானம் சிவந்தது. அரை மணி நேரத்துக்குள் நூறுக்கு மேற்பட்ட குண்டுகள். சில உயர் நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தன. அதைச் சொல்லும் கல்வெட்டு அதன் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. எதிரிக் கப்பல் சுட்டுவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் மறைந்தது.

மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். ரயிலேறி நம் பக்கத்து ஊர்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கப்பலை அந்த நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் முடித்துவிட்டது. தமிழ் மட்டும் அதை விடவில்லை. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். அப்பாவுக்கு முந்திய தலைமுறைக்கு அது ஒரு அதட்டலின் பெயர்.

அந்தப் போர் பாலாற்றங்கரைக்கு வேறொன்றையும் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்குக் கிழக்கிந்தியக் கிப் தோல் தேவைப்பட்டது. 1916 முதல் அரசாங்கமே விலை கட்டி வாங்கியது. எங்கோ பிளாண்டர்ஸ் சேற்றில் நின்ற காலுக்கு வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல். அந்த வருடங்களில் ஆவாரஞ்செடி மொட்டையடிக்கப்பட்ட கதையையும், பட்டைக்கு ஏறிய விலையையும், பிறகு விழுந்த சந்தையையும் இன்னும் சில வாரத்தில் விரிவாகப் பார்ப்போம். இங்கே சொல்ல வந்தது இதுதான்: எம்டனுக்கு வழிகாட்டிய அதே விளக்கைத் தாண்டித்தான் அந்தத் தோல் கட்டுகளும் கடலுக்குப் போயின.

1927இல் கலங்கரை விளக்கச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து இந்தியக் கடற்கரை விளக்குகளின் பொறுப்பு மத்திய அரசின் தனித் துறைக்குச் சென்றது. சுதந்திரத்துக்குப் பிறகும் முப்பது ஆண்டு நீதிமன்றக் கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது. கீழே நகரம் நெருங்கிக்கொண்டே போயிற்று.

நான்காவது விளக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்து கிலோமீட்டர் தெற்கே, மெரினாவின் சாந்தோம் முனையில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முக்கோணக் கோபுரம். 1977 ஜனவரி 10ஆம் தேதியிலிருந்து அது எரிகிறது. மின்தூக்கி வைத்துக் கட்டிய கலங்கரை விளக்கம் இது. பார்வையாளர்களைப் பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டு நிறுத்திவைத்து, 2013 நவம்பரில் மறுபடி அனுமதித்தார்கள்.

ஒன்பதாம் மாடியின் நடைமேடையில் நான் நின்றது ஒரு மாலையில். ஒரு பக்கம் நகரம். மறுபக்கம் காலடியில் நொச்சிக்குப்பம், அதற்கப்பால் கடல். சின்னப் பையன் ஒருவன் தன் தந்தையிடம், “லைட்டு எப்பப்பா சுத்தும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இருட்டியதும் கீழே இறங்கி மணலில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நொடிக்கு இரண்டு மின்னல். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. எந்த இரண்டு அண்டை விளக்குக்கும் ஒரே தாளம் வைக்க மாட்டார்கள். மின்னலை எண்ணினால் ஊர்ப் பெயர் தெரியும். கப்பல்கள் இன்று செயற்கைக்கோளை வைத்து இடம் கணிக்கின்றன. ஃபைபர் படகில் போகும் குப்பத்துக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தபோது, வயதான ஒருவர் சொன்னார்: “செல்லு நனைஞ்சா போச்சு தம்பி. அது நனையாது.” கோபுரத்தைக் காட்டித்தான் சொன்னார்.

*

மாமல்லபுரத்தைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது. மகிடாசுரமர்த்தினி குகையின் மேலே, பாறை உச்சியில், ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் என்ற சிறிய பல்லவக் கற்கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். நம் ஏரிக்கும் மூத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அந்தக் கோயிலின் தலைமேலேயே விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் கல்லால் வட்டக் கோபுரம் எழுந்து, 1904இல் விளக்கு அங்கே மாறியது. கடலிலிருந்து பார்க்க அதைவிட உயரமான இடம் அந்தப் பகுதியில் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ஆயிரம் ஆண்டுக் கோயிலை விளக்குத் தண்டாக்கியதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தப் பெயருக்கு உள்ளூரில் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. தினம் ஓர் உழக்கு எண்ணெய் விட்டு விளக்கேற்றியதால் உழக்கெண்ணெய் ஈஸ்வரர். அதுவே நாக்கில் தேய்ந்து ஓலக்கண்ணேஸ்வரர் ஆயிற்றாம். உழக்கெண்ணெய்ச் சுடர் கடலில் எத்தனை தூரம் தெரியும்? நீர்ப்பெயற்று மாடத்தில் எரிந்த தீ அந்தப் பாறைமேல்தானா? இரண்டுக்கும் கல்லில் விடை எழுதியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பாறையில் ஏறி நின்றால், கலம் வரும் திசை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த உச்சியிலிருந்து கடற்கரையோரமாகவே தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், அதைத் தாண்டி வயலூர். மாமல்லபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். அணைக்கட்டில் ஒரு கிளையைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு அனுப்பிவிட்டு, மிச்சத் தண்ணீரோடும் வறண்ட மணலோடும் நம் பாலாறு அங்கே கடலைத் தொடுகிறது. அடுத்த வாரம் அந்த முகத்துவாரத்துக்குப் போவோம்.

(தொடரும்)